தடுப்பூசி பாதிப்புக்கு நஷ்டஈடு, செட்டில்மென்ட்: அமெரிக்காவில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தடுப்பூசி கோடிக்கணக்கானவர்களைக் காப்பாற்றுகிறது. அரிதாக ஒரு சிலருக்கு அதனாலேயே உடல் பாதிக்கப்படுகிறது. இரண்டும் உண்மை. அந்த ஒரு சிலருக்காக அமெரிக்காவில் தனியாக ஒரு நஷ்டஈட்டுத் திட்டம் இருக்கிறது என்பதே நம்மவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களும், வழக்கு செட்டில்மென்டுக்கு வரும்போது எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று புரியாமல் குழம்புகிறார்கள். அப்படிக் கேட்கப்படும் கேள்விகளுக்கு என்னால் முடிந்தவரை எளிமையாகப் பதில் எழுதியிருக்கிறேன். இது பொதுவான விளக்கம்தான். உங்கள் வழக்குக்கான முடிவை உங்கள் வக்கீலோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

வழக்கு யார் மேல் போடுவது? ஊசி மருந்து தயாரித்த கம்பெனி மேலா, போட்ட நர்ஸ் மேலா?

இரண்டு பேர் மேலும் இல்லை. மனுவில் எதிர்த்தரப்பு அமெரிக்க மத்திய அரசின் சுகாதாரத் துறைச் செயலர். அவருக்காக வாதாடுவது நீதித் துறை வக்கீல்கள். மனு வாஷிங்டனில் உள்ள கோர்ட் ஆஃப் ஃபெடரல் க்ளெய்ம்ஸ் என்ற நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே 'ஸ்பெஷல் மாஸ்டர்' எனப்படும் தனி நடுவர்கள் எட்டுப் பேர் இந்த வழக்குகளை மட்டுமே விசாரிக்கிறார்கள். ஜூரி கிடையாது. நீங்கள் எந்த மாநிலத்தில் இருந்தாலும் பெரும்பாலான வேலை காகிதத்திலும் போனிலும் வீடியோவிலும் முடிந்துவிடும்.

திட்டத்தின் பெயர் நேஷனல் வேக்சின் இஞ்சுரி காம்பன்சேஷன் புரோகிராம். சுருக்கமாக வி.ஐ.சி.பி. இதில் அடங்கிய தடுப்பூசி என்றால் முதலில் இங்கேதான் வர வேண்டும். இதைத் தாண்டிக் கம்பெனி மேலோ ஊசி போட்டவர் மேலோ நேராக வழக்குப் போட்டால் நிற்காது.

ஏன் இப்படி ஒரு தனி ஏற்பாடு?

1980களின் தொடக்கத்தில் கக்குவான் இருமலுக்கான முத்தடுப்பு ஊசியைக் குறித்து வழக்குகள் குவிந்தன. கம்பெனிகள் ஒவ்வொன்றாக உற்பத்தியை நிறுத்த, ஊசிக்கே தட்டுப்பாடு வரும் நிலை. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கும் வருடக்கணக்கில் அலைந்தும் எதுவும் கைக்கு வரவில்லை. அதனால் 1986இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1988 அக்டோபர் 1 முதல் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

பணம் ஒரு தனி நிதியிலிருந்து வருகிறது. ஒவ்வொரு டோஸிலும், அது தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வரி. தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசிக்கு 2.25 டாலர். இதுவரை கொடுத்த தொகை 500 கோடி டாலருக்கு மேல். யாருடைய தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை என்பதுதான் இந்தத் திட்டத்தின் உயிர்நாடி. கம்பெனி அசட்டையாக இருந்தது, நர்ஸ் தப்பாகப் போட்டார் என்றெல்லாம் காட்ட வேண்டாம். ஊசியால் இந்தப் பாதிப்பு வந்தது என்று காட்டினால் போதும்.

எந்தெந்தத் தடுப்பூசிகள் இதில் வரும்?

குழந்தைகளுக்கோ கர்ப்பிணிகளுக்கோ வழக்கமாகப் போடும்படி அரசு பரிந்துரைத்து, மேலே சொன்ன வரியும் விதிக்கப்பட்டவை. எம்.எம்.ஆர்., போலியோ, டெட்டனஸ் கலந்த ஊசிகள், ஹெபடைடிஸ் ஏ, பி, சின்னம்மை, ரோட்டாவைரஸ், எச்.பி.வி., வருடா வருடம் போடும் ஃப்ளூ ஊசி எல்லாம் உண்டு. பெரியவர்கள் போட்டுக்கொண்டாலும் உரிமை உண்டு. இப்போது வரும் மனுக்களில் பெரும்பகுதி பெரியவர்களுடையதுதான், அதிலும் ஃப்ளூ ஊசி சம்பந்தப்பட்டவை நிறைய.

வயதானவர்கள் போட்டுக்கொள்ளும் ஷிங்கிள்ஸ் (அக்கி) ஊசி இதில் வராது. அதற்கு வழக்கமான சிவில் வழக்குதான் வழி.

கோவிட் ஊசி?

அதுவும் இதில் வராது. அதற்கு சி.ஐ.சி.பி. என்ற வேறொரு திட்டம். பெயர் கிட்டத்தட்ட ஒன்று போல இருப்பதால் பலர் ஏமாந்து நாளைக் கடத்திவிடுகிறார்கள். அங்கே கெடு, ஊசி போட்ட நாளிலிருந்து ஒரே ஒரு வருடம். நீதிமன்றம் இல்லை, துறை அதிகாரிகளே முடிவெடுப்பார்கள். வலி வேதனைக்குப் பணம் இல்லை, வக்கீல் செலவும் தரமாட்டார்கள். முடிவு பிடிக்காவிட்டால் துறைக்குள்ளேயே மறுபரிசீலனை கேட்கலாம், அதற்கு மேல் கோர்ட்டுக்குப் போக முடியாது. நஷ்டஈடு பெற்றவர்கள் மிகக் குறைவு. இது நியாயமில்லை என்பதே என் கருத்து. ஃப்ளூ ஊசியால் கை விளங்காமல் போனவருக்கு ஒரு வாசல், கோவிட் ஊசியால் அதே நிலைக்கு ஆளானவருக்கு வேறொரு குறுகிய வாசல் என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. ஆனால் இன்றைய நிலை இதுதான். இந்தப் பக்கத்தில் இனி வருவதெல்லாம் வி.ஐ.சி.பி. பற்றி மட்டுமே.

நாங்கள் அமெரிக்கக் குடிமக்கள் இல்லை. விசாவில்தான் இருக்கிறோம். மனு போடலாமா?

போடலாம். குடியுரிமை கேட்கமாட்டார்கள். ஊசி அமெரிக்க மண்ணில் போடப்பட்டிருந்தால் போதும்.

ஊருக்குப் போயிருந்தபோது குழந்தைக்கு அங்கே ஊசி போட்டோம் என்றால் விஷயம் சிக்கலாகிறது. வெளிநாட்டில் போட்ட ஊசிக்கு, அதைத் தயாரித்தது அமெரிக்காவில் உள்ள உற்பத்தியாளராக இருந்து, ஊசி போட்ட ஆறு மாதத்துக்குள் பாதிக்கப்பட்டவர் அமெரிக்கா திரும்பியும் இருந்தால் ஒரு வழி இருக்கிறது. ராணுவத்திலோ அரசுப் பணியிலோ வெளிநாட்டில் இருக்கும் அமெரிக்கர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் தனி விதி உண்டு. இந்த மாதிரி வழக்கில் ஊசிக் குப்பியின் கம்பெனிப் பெயரும் பேட்ச் எண்ணும் எழுதிய அட்டைதான் முதல் ஆதாரம்.

எவ்வளவு நாளுக்குள் மனு போட வேண்டும்?

முதல் அறிகுறி தோன்றிய நாளிலிருந்து 3 வருடம். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டாக்டர் நோயின் பெயரைச் சொன்ன நாளிலிருந்து கணக்கில்லை. 'இது ஊசியால் வந்திருக்கலாம்' என்று நமக்குத் தோன்றிய நாளிலிருந்தும் இல்லை. முதன்முதலில் கால் மரத்துப் போன நாள், தோளைத் தூக்க முடியாமல் போன நாள், அதுதான் தொடக்கம். எட்டு மாதம் கழித்து நரம்பியல் நிபுணர் கண்டுபிடித்தாலும் கடிகாரம் எட்டு மாதம் முன்பே ஓட ஆரம்பித்துவிட்டது.

உயிரிழப்பு என்றால் இரண்டு கெடுவையும் பார்க்க வேண்டும்: இறந்த நாளிலிருந்து 2 வருடம், அந்த மரணத்துக்குக் காரணமான பாதிப்பின் முதல் அறிகுறியிலிருந்து 4 வருடம். இரண்டுக்குள்ளும் மனு போயிருக்க வேண்டும்.

கெடு முடிய ஒரு மாதம் இருக்கும்போது வந்தால் பல வக்கீல்கள் எடுக்கத் தயங்குவார்கள், ஏனென்றால் மருத்துவ ஆவணங்களைத் திரட்டவே அதற்கு மேல் ஆகும். சந்தேகம் வந்த உடனே ஒரு வக்கீலிடம் பேசுங்கள். முதல் பேச்சுக்கு பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை.

ஊசி போட்ட இடம் இரண்டு மாதம் வலித்தது, அப்புறம் சரியாகிவிட்டது. கேட்கலாமா?

முடியாது. பாதிப்போ அதன் மிச்சமோ 6 மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். அல்லது அதற்காக ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகி அறுவை சிகிச்சையும் நடந்திருக்க வேண்டும். அல்லது உயிரிழப்பு நேர்ந்திருக்க வேண்டும்.

இந்த 6 மாதக் கணக்கு நம்மவர்களுக்கு ஒரு விதத்தில் பாதகமாக அமைகிறது. வலியைப் பொறுத்துக்கொள்வது நம் பழக்கம். இன்ஷூரன்ஸ் டிடக்டிபிளை (இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையை) நினைத்து டாக்டரிடம் போகாமல், ஊரில் இருக்கும் டாக்டர் சித்தப்பாவிடம் போனில் கேட்டு மாத்திரை போட்டுக்கொள்வோம். வலி ஒரு வருடம் இருந்திருக்கும். ஆனால் மருத்துவக் கோப்பில் இரண்டாவது மாதத்துக்குப் பிறகு எதுவுமே இருக்காது. நடுவர் பார்ப்பது அந்தக் கோப்பைத்தான். அந்தந்தச் சமயத்தில் எழுதப்பட்ட குறிப்புக்கு இருக்கும் மதிப்பு, பின்னால் நினைவிலிருந்து எழுதிக் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்துக்கு வருவது கடினம்.

வேர்ஸ் தளத்தில் ஏற்கெனவே புகார் பதிந்துவிட்டோம். அது போதாதா?

போதாது. வேர்ஸ் என்பது தடுப்பூசிக்குப் பின் நடந்த எதையும் யார் வேண்டுமானாலும் தெரிவிக்கக்கூடிய கண்காணிப்புப் பதிவேடு. புதிய ஆபத்து ஏதாவது தலைகாட்டுகிறதா என்று நிபுணர்கள் அதில் தேடுவார்கள். நல்ல காரியம், பதிவது நல்லதுதான். ஆனால் அது நஷ்டஈட்டு மனு ஆகாது, கெடுவையும் நிறுத்தாது, ஊசிதான் காரணம் என்பதற்குச் சாட்சியமும் ஆகாது.

ஊசிதான் காரணம் என்று எப்படி நிரூபிப்பது?

இரண்டு வழி இருக்கிறது.

முதலாவது, அரசே வெளியிட்டிருக்கும் பாதிப்பு அட்டவணை. இந்த ஊசி, இந்தப் பாதிப்பு, இத்தனை நாளுக்குள் என்று அதில் இருக்கும். ஃப்ளூ ஊசிக்குப் பின் 3 முதல் 42 நாளுக்குள் நரம்புகளைத் தாக்கிக் கை கால்களைப் பலவீனமாக்கும் கில்லன் பாரே என்ற நோய், டெட்டனஸ் ஊசிக்குப் பின் 4 மணி நேரத்துக்குள் உயிருக்கு ஆபத்தான அலர்ஜி, ரோட்டாவைரஸ் மருந்துக்குப் பின் 1 முதல் 21 நாளுக்குள் குழந்தைக்குக் குடல் செருகிக்கொள்வது என்று வரிசையாகப் போகும். ஊசியைத் தோளில் மிக மேலே போட்டதால் மூட்டுப் பகுதி காயப்பட்டு வரும் தோள் வலிக்கு 'சிர்வா' என்று பெயர். அதற்கு 48 மணி நேரம். 2017இல்தான் சிர்வாவும் ஃப்ளூ ஊசிக்கான கில்லன் பாரேயும் அட்டவணையில் சேர்ந்தன. உங்கள் நிலை அட்டவணையில் உள்ளபடி அப்படியே பொருந்தினால், ஊசிதான் காரணம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். வேறு காரணம் இருக்கிறது என்று காட்டுவது அரசின் பொறுப்பு.

பொருந்தாவிட்டால் இரண்டாவது வழி. 2005இல் வந்த ஆல்தன் வழக்குத் தீர்ப்பு மூன்று விஷயங்களைக் கேட்கிறது. இந்த ஊசி இப்படிப்பட்ட பாதிப்பை உண்டாக்க முடியும் என்பதற்கு மருத்துவ ரீதியான ஒரு விளக்கம். உங்கள் உடம்பில் அதுதான் நடந்தது என்று படிப்படியாகக் காட்டும் காரண காரியத் தொடர்ச்சி. ஊசிக்கும் அறிகுறிக்கும் நடுவே அந்த விளக்கத்துக்கு ஒத்துவரும் கால இடைவெளி. 'ஊசிக்கு முன்னால் நன்றாக இருந்தேன், பின்னால் இப்படி ஆகிவிட்டது' என்பது மட்டும் இங்கே எடுபடாது.

ஆனால் சந்தேகத்துக்கே இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்பதில்லை. தராசுத் தட்டு உங்கள் பக்கம் இம்மியளவு தாழ்ந்தால் போதும். இரண்டாவது வழி என்றால் நிபுணர் அறிக்கைகள் இரு பக்கமும் பறக்கும், வருடங்கள் நீளும். செட்டில்மென்டுகள் அதிகம் பிறப்பது இந்தக் கட்டத்தில்தான்.

அரசு செட்டில்மென்டுக்கு வந்தால், ஊசிதான் காரணம் என்று ஒப்புக்கொண்டது போலத்தானே?

இல்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே முக்கியமாக இந்தக் கேள்விக்காகத்தான்.

நஷ்டஈடு கிடைக்க மூன்று பாதை உண்டு. ஒன்று, கோப்பைப் படித்துப் பார்த்து அரசே 'சரி, இது ஊசியால் வந்ததுதான்' அல்லது 'அட்டவணைப்படி பொருந்துகிறது' என்று ஒப்புக்கொள்வது. அப்போது எவ்வளவு தொகை என்பது மட்டுமே மிச்சம். இரண்டு, அரசு மறுத்து, நடுவர் விசாரித்து உங்கள் பக்கம் தீர்ப்பளிப்பது. மூன்று, காரணம் எது என்ற கேள்வியை முடிக்காமலேயே இரு தரப்பும் ஒரு தொகைக்கு உடன்படுவது. இந்த மூன்றாவதுதான் செட்டில்மென்ட். அந்த உடன்படிக்கையில் இரு தரப்பும் தங்கள் நிலைப்பாட்டை எழுதிவிட்டே கையெழுத்துப் போடுவார்கள்: மனுதாரர் ஊசியால் இந்தப் பாதிப்பு வந்தது என்கிறார், சுகாதாரத் துறைச் செயலர் அதை மறுக்கிறார், இருந்தாலும் வழக்கை இப்படி முடித்துக்கொள்கிறோம் என்று அதில் இருக்கும். திட்டம் கொடுக்கும் நஷ்டஈடுகளில் சுமார் 60 சதவீதம் இந்த மூன்றாவது வகை என்று அரசே சொல்கிறது.

அதனால் செட்டில்மென்ட் ஆன ஒரு வழக்கைக் காட்டி, 'பார்த்தீர்களா, நீதிமன்றமே நிரூபித்துவிட்டது' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஃபார்வர்ட் செய்வது சரியில்லை. அதே மாதிரி, செட்டில்மென்ட் வாங்கியவரைப் பார்த்து 'இல்லாததைச் சொல்லிப் பணம் பறித்தவர்' என்று பேசுவதும் அநியாயம். அவருடைய நோய் நிஜம், அவருடைய ஆஸ்பத்திரிச் செலவு நிஜம். காரணம் மட்டும்தான் முடிவாகவில்லை. அந்த உடன்படிக்கையிலிருந்து அதற்கு மேல் எதையும் எந்தப் பக்கத்துக்கும் எடுக்க முடியாது.

ஒப்புக்கொள்ளவே இல்லை என்றால் அரசு எதற்குப் பணம் தருகிறது?

தீர்ப்பு எப்படி வரும் என்று இரு பக்கத்துக்கும் தெரியாது. இதே மாதிரி வழக்குகளில் நடுவர்கள் முன்பு எப்படித் தீர்த்தார்கள் என்று பார்ப்பார்கள். விசாரணை நடத்த ஆகும் நேரமும் நிபுணர் செலவும் கணக்கில் வரும். அதோடு இந்தச் சட்டத்தின் நோக்கமே பாதிக்கப்பட்டவர்களுக்குச் சீக்கிரமாக, தாராளமாக உதவி கிடைக்கட்டும் என்பதுதான். மருத்துவ அறிவியல் இன்னும் பதில் சொல்லாத இடத்தில், அந்தப் பதில் வரும்வரை ஒரு நோயாளியைக் காத்திருக்கச் சொல்லாமல் கொஞ்சம் உதவி செய்வது நல்ல ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன்.

செட்டில்மென்டை ஏற்பதா, தீர்ப்பு வரைக்கும் போவதா?

உங்கள் ஆதாரம் எவ்வளவு பலம் என்பதைப் பொறுத்தது. அட்டவணையில் பொருந்தி, தேதிகள் சுத்தமாக இருந்தால் அவசரப்பட்டுக் குறைந்த தொகைக்கு இறங்க வேண்டாம். ஆதாரத்தில் ஓட்டை இருந்தால் கதை வேறு. ஓர் உதாரணம்: தோள் வலி ஊசி போட்ட அன்றே வந்தது என்கிறீர்கள், ஆனால் இரண்டு வாரம் கழித்து வேறு விஷயத்துக்குப் போன டாக்டரிடம் அதைச் சொல்லவே இல்லை. அல்லது ஊசிக்கு முந்தைய வருடமே அதே தோளுக்கு பிசியோதெரபி எடுத்திருக்கிறீர்கள். அரசு வக்கீல் முதலில் கை வைப்பது இங்கேதான். தீர்ப்புவரை போனால் முழுத் தொகையும் கிடைக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். செட்டில்மென்ட் இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம்.

வக்கீலிடம் நேரடியாகக் கேளுங்கள்: 'விசாரணைக்குப் போனால் தோற்க என்ன வாய்ப்பு? எந்த இடத்தில் நாம் பலவீனம்?' இதற்கு விளக்கமாகப் பதில் சொல்லாத வக்கீல் சொல்லும் தொகையை ஏற்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம், முதலில் பதில் வாங்குங்கள்.

தங்களுக்கு நேர்ந்தது ஊசியால்தான் என்று ஒரு நடுவர் எழுதித் தர வேண்டும், பணம் இரண்டாம்பட்சம் என்று நினைக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. அந்த ஆதங்கம் எனக்குப் புரிகிறது. அவர்களுக்கு செட்டில்மென்ட் மனநிறைவு தராது. அதை முன்கூட்டியே வீட்டில் பேசிவிடுவது நல்லது. கையெழுத்துப் போட்ட பிறகு அந்த எழுத்து வராது.

எவ்வளவு கிடைக்கும்?

வலி வேதனைக்கு உச்சவரம்பு 2.5 லட்சம் டாலர். மரணத்துக்கும் 2.5 லட்சம் டாலர். 1986இல் வைத்த இந்த வரம்பு இன்றுவரை ஏறவில்லை, விலைவாசி எங்கேயோ போய்விட்டது. இதை உயர்த்தாமல் வைத்திருப்பது பெரிய குறை.

மற்ற வகைகளுக்கு இப்படி வரம்பு இல்லை. இன்ஷூரன்ஸ் கொடுக்காமல் உங்கள் கையிலிருந்து போன மருத்துவச் செலவு, இனி வரப்போகும் சிகிச்சை, பராமரிப்புச் செலவு, போன சம்பளம், இனி போகப்போகும் சம்பளம் எல்லாம் கேட்கலாம். கடுமையான பாதிப்பில் எதிர்காலப் பராமரிப்புச் செலவுதான் மிகப் பெரிய தொகையாக வரும். அதற்கு 'லைஃப் கேர் பிளானர்' என்ற நிபுணர் வீட்டுக்கே வந்து, சக்கர நாற்காலி எத்தனை வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், தினமும் எத்தனை மணி நேரம் உதவியாளர் வேண்டும் என்பது வரை கணக்கெடுப்பார். அவரிடம் 'அம்மா பார்த்துக்கொள்வார், பாட்டி இருக்கிறார்' என்று பெருமைக்காகச் சொல்லி வைக்காதீர்கள். வீட்டில் யார் என்ன வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள்.

கம்பெனியைத் தண்டிக்கும் வகையிலான அபராதத் தொகை இங்கே கிடையாது.

வக்கீலுக்கு எவ்வளவு பங்கு?

ஒரு சென்ட்கூட இல்லை. வழக்கமான விபத்து வழக்கில் மூன்றில் ஒரு பங்கு போகும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே வக்கீல் கட்டணத்தை நடுவர் தனியாகப் பார்த்து அனுமதித்து, அதே நிதியிலிருந்து கொடுப்பார். உங்கள் தொகையிலிருந்து எடுக்க சட்டம் அனுமதிக்கவில்லை. வழக்கில் தோற்றால்கூட, நல்லெண்ணத்தோடும் நியாயமான அடிப்படையோடும் போட்ட மனுவாக இருந்தால் கட்டணம் கிடைக்கும். பங்கு கேட்கும் வக்கீலிடமிருந்து விலகிவிடுங்கள். இந்த நீதிமன்றத்தில் வாதாட அனுமதி பெற்றவராக, இதே வகை வழக்குகளை நடத்தியவராகப் பாருங்கள். நீதிமன்றமே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. மனுவுக்கான கட்டணம் சுமார் 400 டாலர்.

பேசி முடித்தாகிவிட்டது. பணம் எப்போது வரும்?

உடனே வராது. அரசு வக்கீல் பேசி முடித்த தொகைக்கு அவருடைய மேலதிகாரிகளும் சுகாதாரத் துறையும் ஒப்புதல் தர வேண்டும். இதற்கே மாதங்கள் ஆகும். பிறகு உடன்படிக்கை எழுதி இரு தரப்பும் கையெழுத்து, அதை ஏற்று நடுவரின் தீர்ப்பு, அதன் மேல் நீதிமன்றத்தின் இறுதிப் பதிவு, அதை ஏற்கிறேன் என்று உங்கள் எழுத்து, கடைசியாகப் பட்டுவாடா. மேல்முறையீடு செய்யப் போவதில்லை என்று இரு தரப்பும் எழுதிக் கொடுத்தால் கொஞ்ச நாள் மிச்சமாகும். மனு போட்டதிலிருந்து கணக்கிட்டால் இரண்டு மூன்று வருடம் சாதாரணம், சிக்கலான வழக்கு அதையும் தாண்டும். இந்தப் பணத்தை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

குழந்தைக்கு வரும் பணம் யார் கையில் கொடுப்பார்கள்?

பெற்றோர் என்பதால் மட்டும் கொடுத்துவிடமாட்டார்கள். குழந்தையின் சொத்துக்குக் காப்பாளர் என்று உங்கள் மாநில நீதிமன்றம் நியமித்த உத்தரவைப் பெரும்பாலும் கேட்பார்கள். பேச்சு முடிவதற்கு முன்பே அந்த வேலையைத் தொடங்கினால் தாமதம் குறையும். வாழ்நாள் முழுக்கப் பராமரிப்பு தேவைப்படும் வழக்கில், ஒரு பகுதியை மொத்தமாகவும் மீதியை இன்ஷூரன்ஸ் கம்பெனி வழியாக ஆண்டுதோறும் வரும் தொகையாகவும் தருவார்கள். பெரிய தொகை கைக்கு வந்து சில வருடத்தில் கரைந்துவிடாமல் இருக்க இது பாதுகாப்பு.

எங்கள் குழந்தை மெடிகெய்டில் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில்) இருக்கிறது. அரசு உதவித் தொகையும் வருகிறது. இதெல்லாம் நின்றுவிடுமா?

கவனிக்காவிட்டால் நிற்கலாம். எஸ்.எஸ்.ஐ. என்ற, வருமானம் குறைந்த ஊனமுற்றவர்களுக்கும் முதியவர்களுக்குமான மாதாந்திர அரசு உதவி பெறுபவர் தன் பெயரில் 2,000 டாலருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. பெரிய தொகை கணக்கில் விழுந்தால் உதவியும் மருத்துவக் காப்பும் போகும் அபாயம் உண்டு. கையெழுத்துப் போடும் முன்பே, இது தெரிந்த வக்கீலிடம் கேட்டுப் பணத்தை எந்த வடிவில் வாங்குவது என்று முடிவு செய்யுங்கள். மெடிகெய்ட் ஏற்கெனவே செலவு செய்த தொகையை மாநிலம் திருப்பிக் கேட்கும். அதை உடன்படிக்கையிலேயே தனி வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். வரியைப் பொறுத்தவரை, உடல் பாதிப்புக்காக வரும் நஷ்டஈடு பொதுவாக வருமான வரிக்கு உட்படாது. அந்தப் பணத்தை முதலீடு செய்து வரும் வட்டிக்கு உண்டு.

எங்கள் பெயர் வெளியே தெரியுமா?

தெரியும். தீர்ப்பும் செட்டில்மென்ட் தொகையும் நீதிமன்றத்தின் இணையதளத்தில் வரும். ரகசிய உடன்படிக்கை என்ற பேச்சு இங்கே இல்லை. வாயை அடைக்கத் தரும் பணம் என்று சிலர் சொல்வது அதனால்தான் பொருந்தாது. தீர்ப்பு வெளியாகும் முன் 14 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் அந்தரங்கமான மருத்துவ விவரங்களை மறைக்கும்படி கேட்கலாம். பெயருக்குப் பதில் முதலெழுத்துகளைப் போடச் சொல்லியும் கேட்கலாம், ஆனால் அது நடுவரின் முடிவு.

செட்டில்மென்ட் வாங்கிய பிறகு நிலைமை மோசமானால் மறுபடி கேட்கலாமா?

முடியாது. அதே ஊசி, அதே பாதிப்பு சம்பந்தமாக இனி எந்த உரிமையும் கேட்கமாட்டேன் என்று அதில் எழுதியிருக்கும். உற்பத்தியாளர் மேலும் பிறகு வழக்குப் போட முடியாது. அதனால் நோய் எங்கே போய் நிற்கும் என்று டாக்டருக்கே தெளிவாகத் தெரியாத நிலையில் தொகையை முடித்துவிடாதீர்கள். அறுவை சிகிச்சை வேண்டியிருக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், அதன் முடிவு தெரியும்வரை பேச்சைத் தள்ளிவைக்க வக்கீல் கேட்க முடியும்.

தோற்றுவிட்டால் எல்லாம் முடிந்ததா?

30 நாளுக்குள் அதே நீதிமன்றத்தின் நீதிபதியிடம் மறுஆய்வு கேட்கலாம், அதற்கு மேல் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிறது. தீர்ப்பை நிராகரித்துவிட்டு உற்பத்தியாளர் மேல் சிவில் வழக்குப் போடும் உரிமையும் பெயரளவுக்கு உண்டு. ஆனால் 2011இல் உச்ச நீதிமன்றம் புரூஸ்விட்ஸ் வழக்கில், தடுப்பூசியின் வடிவமைப்பிலேயே குறை என்று வாதாட முடியாது என்று சொல்லிவிட்டது. மிச்சமிருக்கும் வழி மிகவும் குறுகலானது.

ஆட்டிசத்துக்கு நஷ்டஈடு கிடைக்குமா?

5,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இப்படி மனு போட்டன. அவற்றிலிருந்து சில வழக்குகளை மாதிரியாக எடுத்து விரிவாக விசாரித்து, 2009இலும் 2010இலும் நடுவர்கள் தீர்ப்பளித்தார்கள். தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதே முடிவு. மருத்துவ ஆய்வுகளும் அதையே காட்டுகின்றன. இந்த அடிப்படையில் மனு போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் உங்கள் நேரத்தையும் நம்பிக்கையையும் செலவழிக்க வேண்டாம். அந்தச் சக்தி குழந்தையின் தெரபிக்குத் தேவை.

தடுப்பூசியே ஆபத்து என்றுதானே இதற்கெல்லாம் அர்த்தம்?

நாட்டில் விநியோகிக்கப்படும் ஒவ்வொரு பத்து லட்சம் டோஸுக்கும் சுமார் ஒருவர் இந்தத் திட்டத்தில் நஷ்டஈடு பெறுகிறார். அதிலும் பாதிக்கு மேல், முன்பே சொன்ன மாதிரி, காரணம் முடிவாகாத செட்டில்மென்டுகள். என் வீட்டுக் குழந்தைகளுக்கு எல்லா ஊசியும் நேரத்துக்குப் போட்டாகிறது. பாதிக்கப்பட்டவருக்கு உரியது கிடைக்க வேண்டும் என்று நான் சொல்வதும் தடுப்பூசித் திட்டத்தின் மேல் உள்ள அக்கறையில்தான். அந்த ஒருவரைக் கைவிட்டால் மற்றவர்களின் நம்பிக்கையும் போய்விடும்.

இப்போதே செய்ய வேண்டியது என்ன?

ஊசி போட்ட இடத்திலிருந்து பதிவை எழுத்தில் வாங்குங்கள். தேதி, ஊசியின் பெயர், பேட்ச் எண், எந்தக் கையில் போட்டார்கள் என்பது வரை இருக்க வேண்டும். பார்மசியில் போட்டிருந்தால் எந்தக் கை என்பது பல நேரம் விட்டுப் போயிருக்கும், உடனே கேட்டால் திருத்த வாய்ப்பு உண்டு. அப்புறம், ஊசிக்கு மூன்று வருடம் முன்பிலிருந்து இன்றுவரை நீங்கள் பார்த்த எல்லா டாக்டர்களின் கோப்பும் தேவைப்படும். பழையது எதற்கு என்று தோன்றும், முன்பு நன்றாக இருந்தீர்கள் என்பதைக் காட்ட அதுதான் ஆதாரம். அறிகுறிகளைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது 'பரவாயில்லை, பொறுத்துக்கொள்கிறேன்' என்று சொல்லாமல், என்ன வலிக்கிறது, எப்போது தொடங்கியது, எதைச் செய்ய முடியவில்லை என்று சொல்லி, அவர் அதைக் கோப்பில் எழுதினாரா என்று போர்ட்டலில் பாருங்கள்.